ஒரே ஒரு காயிலிருந்து: ஷெர்லி பாப்பியின் கதை

போன தீபாவளிக்கு முந்தின நாள். பாட்டி குருமாவுக்குக் கசகசா ஊறவைத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல், "பாட்டி, இதை மண்ணுல போட்டா முளைக்குமா?" என்று கேட்டேன். பாட்டி வாயைத் திறப்பதற்குள் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் குரல் வந்தது: "முளைக்கும். பின்னாலேயே போலீஸும் வரும்."

அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கசகசா என்பது அபினிச் செடியின் விதை. விதையைச் சமையலுக்கு வாங்கலாம், விற்கலாம். ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டப்படி, மத்திய அரசின் உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்ப்பது குற்றம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில், அரசு குறித்துக் கொடுக்கும் பகுதிகளில் மட்டும் உரிமம் பெற்ற விவசாயிகள் பயிரிடுகிறார்கள். ஆகவே மக்களே, மொட்டை மாடித் தொட்டியில் கசகசாவைத் தூவிப் பார்க்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள் :)

ஆனால் அந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்ததில் வேறொரு பாப்பியிடம் போய் மாட்டிக்கொண்டேன். அபினிச் செடிக்குத் தங்கை முறை. போதை கிடையாது, போலீஸ் கிடையாது. அதற்குப் பின்னால் ஒரு பாதிரியாரும் அவருடைய வீட்டுத் தோட்டமும் இருக்கின்றன. சரித்திரம் என்றாலே அசோகர், அக்பர், பானிப்பட் என்று படித்துவிட்டு வந்த எனக்கு, ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் விதை போட்டதும் சரித்திரம்தான் என்று புரிய வைத்த கதை இது.

கோதுமை வயலின் களை

ஐரோப்பாவில் கோதுமை, பார்லி வயல்களில் தானாக முளைக்கும் சிவப்புப் பூ ஒன்று உண்டு. தாவரவியல் பெயர் பப்பாவர் ரோயஸ். வயல் பாப்பி என்று வைத்துக்கொள்வோம். (கசகசாச் செடியின் பெயர் பப்பாவர் சோம்னிஃபெரம். இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு இனம்.) நான்கு இதழ்கள், இரத்தச் சிவப்பு, கசக்கிப் பிரித்த பட்டுத் துணி மாதிரி இருக்கும். நடுவில் மகரந்தம் கறுப்பாக இருக்கும். பல பூக்களில் இதழின் அடியிலும் ஒரு கறுப்புத் திட்டு உண்டு. காலையில் மலரும் பூவின் இதழ்கள் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். அடுத்த நாள் வேறு மொக்கு நிமிரும்.

இதன் விதை கசகசாவை விடச் சிறியது. ஒரு கிராமில் பத்தாயிரம் விதை அளவுக்கு இருக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். மண்ணுக்குள் ஆழமாகப் போன விதை முளைக்காது, செத்தும் போகாது. பல பத்தாண்டுகள்கூட அப்படியே தூங்கும். என்றாவது ஏர் வந்து மண்ணைப் புரட்டி மேலே கொண்டுவந்தால், வெளிச்சம் பட்டதும் எழுந்துகொள்ளும். இந்தக் குணத்தால்தான் உழவு நடக்கும் இடமெல்லாம் இது களையாகத் தொடர்ந்தது. விவசாயிக்கு இது தொல்லை. இதைப் போய் யாராவது தோட்டத்தில் விதைப்பார்களா?

1880, ஷெர்லி

லண்டனுக்குத் தெற்கே கிராய்டன் நகரை ஒட்டி ஷெர்லி என்று ஓர் ஊர். இப்போது லண்டன் மாநகரத்துக்குள் அடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் சுற்றிலும் வயல்தான். 1879-ல் அங்கே இங்கிலாந்துத் திருச்சபையின் பாதிரியாராக வந்தவர் வில்லியம் வில்க்ஸ். 1843-ல் பிறந்தவர், அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. தோட்டப் பைத்தியம்.

1880-ல் ஒரு நாள் அவருடைய தோட்டத்தின் கோடியில், வயலை ஒட்டிய பராமரிப்பில்லாத மூலையில், வயல் பாப்பி கூட்டமாகப் பூத்திருந்தது. எல்லாம் வழக்கமான சிவப்பு. ஒரே ஒரு பூவில் மட்டும் இதழின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது.

நானோ நீங்களோ என்றால் "அட, நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். வில்க்ஸ் அந்தப் பூவுக்கு அடையாளம் வைத்தார். காய் முற்றும் வரை காத்திருந்து, அந்த விதையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். கதையின் ஆரம்பம் இவ்வளவுதான்.

அடுத்த வருடம் விதைத்ததில் சுமார் 200 செடிகள் வந்தன. அவற்றில் வெள்ளை விளிம்புப் பூக்களோடு வந்தவை நாலைந்துதான் என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். மீதி எல்லாம் பழைய சிவப்பு. இருநூறுக்கு நாலைந்து! பாஸ் பர்சன்டேஜ் இவ்வளவு மோசமாக இருந்தால் எங்கள் கல்லூரியில் விசாரணைக் கமிஷனே வைப்பார்கள்.

ஏன் அவ்வளவு குறைவு?

இதற்குக் காரணம் இருக்கிறது. வயல் பாப்பிக்குத் தன் மகரந்தம் தனக்கே ஆகாது. ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் பூவில் விழுந்தால் விதை பிடிக்காது. வேறொரு செடியிலிருந்து தேனீயோ வேறு பூச்சியோ கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வில்க்ஸ் கண்ட அந்த ஒற்றைப் பூவைச் சுற்றி இருந்ததெல்லாம் சாதாரணச் சிவப்பு. ஆக, அவர் எடுத்த காயில் இருந்த அத்தனை விதைக்கும் தாய் மட்டுமே வெள்ளை விளிம்புக்காரி. தகப்பன்மார் எல்லாம் பக்கத்து வயல் சிவப்புகள்.

அவருக்கு இருந்த ஒரே வழி, பிடிக்காத செடியைப் பிடுங்கி எறிவது. வேண்டாத பூ மலர்ந்து, தேனீ வந்து போய்விட்டால் அதன் மகரந்தம் பக்கத்துச் செடிக்குப் போய்விடும். அதனால் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். பாப்பி ஒரே நாளில் மொத்தமாகப் பூக்காது. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஐந்து என்று வாரக்கணக்கில் பூக்கும். அத்தனை நாளும் இந்த வேலை உண்டு. அடுத்த வருடம் மறுபடியும். அதற்கடுத்த வருடமும்.

வருடத்துக்கு வருடம் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பரவியது. இரத்தச் சிவப்பு, இளஞ்சிவப்பு ஆனது. பிறகு வெளிறிய ரோஸ். கடைசியில் ஒரு செடி முழு வெள்ளையாகவே பூத்தது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. அடுத்த குறி நடுவில் இருக்கும் கறுப்பு. மகரந்தத்தாளும் மகரந்தமும் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கும் செடிகளை மட்டும் விட்டுவைத்தார். அதற்கும் சில வருடங்கள். அவர் வகுத்த இலக்கணம் இதுதான்: பூ ஒற்றை அடுக்காக இருக்க வேண்டும், இதழின் அடி வெள்ளையாக இருக்க வேண்டும், எங்கேயும் ஒரு பொட்டுக் கறுப்பு கூடாது. இதற்கு ஊர் பெயரையே வைத்தார்கள்: ஷெர்லி பாப்பி.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெண்டல் தன் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை 1866-லேயே அச்சிட்டுவிட்டார். ஆனால் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது 1900-ல்தான். வில்க்ஸ் தன் பாப்பிகளோடு மல்லுக்கட்டிய 1880-களில் பாரம்பரியக் குணங்கள் எப்படி இறங்குகின்றன என்ற கணக்கு தோட்டக்காரர் எவருக்கும் தெரியாது. கண்ணும் பொறுமையும்தான் கருவி.

விதையை என்ன செய்தார்?

கஷ்டப்பட்டு உருவாக்கியவர் விற்றுக் காசாக்கியிருக்கலாம். ஒரே கம்பெனிக்குக் கொடுத்துப் பூட்டியிருக்கலாம். அவர் கேட்டவர்களுக்கெல்லாம் விதையைச் சும்மா கொடுத்தார். பாப்பி விதை கடிதத்தோடு உறையில் போகும் அளவுக்குச் சின்னது. இங்கிலாந்தைத் தாண்டி ஐரோப்பா, அமெரிக்கா என்று பரவியது. பணக்காரன் தோட்டம், ஏழை தோட்டம் என்ற பேதமில்லாமல் எங்கும் இருப்பது 1880-ல் தன் தோட்டத்தில் முற்றிய ஒரே ஒரு காயின் வாரிசுகள் என்று அவரே பின்னாளில் பெருமையாக எழுதினார். அந்தப் பெருமையை அவருக்கு விட்டுக்கொடுக்கலாம். தப்பில்லை.

இதற்கு நடுவில் 1888-ல் அவர் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் செயலாளர் ஆனார். பிரிட்டனின் மிகப் பெரிய தோட்டக்கலைச் சங்கம் அது. அந்தச் சமயத்தில் நொடித்துப்போய், தென் கென்சிங்டனில் இருந்த இடத்தையும் விட்டு வெளியேறிய நிலை. 1920 வரை 32 வருடம் செயலாளராக இருந்து அதைத் தூக்கி நிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. விஸ்லியில் உள்ள அவர்களுடைய புகழ்பெற்ற தோட்டம் சங்கத்துக்குக் கிடைத்தது (1903) அவர் காலத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் இனிமேல்தான். 1906-ல் அந்தச் சங்கம் லண்டனில் செடிகளின் கலப்பினம் பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடத்தியது. அதில்தான் வில்லியம் பேட்சன் என்ற விஞ்ஞானி, இந்தப் புதிய துறைக்கு 'ஜெனடிக்ஸ்' என்று பெயர் வைக்கலாம் என்று மேடையில் முன்மொழிந்தார். அந்த மாநாட்டு அறிக்கை 1907-ல் புத்தகமாக வந்தது. தொகுத்தவர் பெயர்: பாதிரியார் வில்க்ஸ்! மரபியல் என்ற சொல்லே இல்லாத காலத்தில் மரபியல் வேலை பார்த்தவர், அந்தச் சொல் பிறந்த கூட்டத்தின் அறிக்கையைத் தொகுத்திருக்கிறார். பயாலஜி வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் நான் இன்னும் பத்து மார்க் சேர்த்து வாங்கியிருப்பேன் (என்று நினைத்துக்கொள்கிறேன்).

திரும்பி வந்த சிவப்பு

இந்தப் பக்கம் ஒரு பாதிரியார் சிவப்பையும் கறுப்பையும் தன் தோட்டத்திலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார் இல்லையா? அந்தப் பக்கம் அதே செடிக்கு வேறொன்று நடந்தது.

1914-ல் முதல் உலகப்போர். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் வடக்கு பிரான்சிலும் குண்டுகள் வயல்களைக் குடைந்தன. பதுங்கு குழிகள் வெட்டினார்கள். பிணக்குழிகளும் வெட்டினார்கள். மண் தலைகீழானது. ஏர் செய்ய வேண்டிய வேலையைப் பீரங்கி செய்தது. மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த வயல் பாப்பி விதைகள் வெளிச்சத்துக்கு வந்தன. கோதுமை விதைக்க ஆளில்லாத நிலத்தில் பாப்பி மட்டும் பூத்தது.

1915 மே மாதம், பெல்ஜியத்தில் ஈப்ரு நகரத்துக்குப் பக்கத்தில், ஜான் மெக்ரே என்ற கனடா நாட்டு ராணுவ மருத்துவர் தன் நண்பர் அலெக்சிஸ் ஹெல்மரைப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய 'ஃபிளாண்டர்ஸ் வயல்களில்' என்ற கவிதை அதே வருட டிசம்பரில் பஞ்ச் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த மோய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை 1918-ல் பாப்பியை நினைவுச் சின்னமாக அணியத் தொடங்கினார். அன்னா கெரின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி துணிப் பாப்பிகளை விற்று, போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டினார். 1921 நவம்பரில் பிரிட்டனில் முதல் பாப்பி தினம் வந்தது. (ஈப்ரு போர்க்களத்தில் நம் நாட்டுச் சிப்பாய்களும் 1914-லும் 1915-லும் சண்டையிட்டுச் செத்தார்கள். அந்தப் பூவில் நமக்கும் பங்கு உண்டு.)

வில்க்ஸ் அப்போது உயிரோடு இருந்தார். 1912-லேயே பாதிரியார் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இறந்தது 1923-ல். அவர் எந்தச் சிவப்பை வருடக்கணக்காகப் பிடுங்கி எறிந்தாரோ, அதே சிவப்புத்தான் கடைசியில் நாடு முழுவதும் மக்கள் நெஞ்சில் குத்திக்கொண்ட பூ. அதைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பாரோ!

இன்னொரு ஆள்

வில்க்ஸின் முறையைப் பின்னாளில் ஓர் ஓவியர் எடுத்துக்கொண்டார். பெயர் செட்ரிக் மோரிஸ் (1889–1982). இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹேட்லி என்ற ஊரில் பென்டன் எண்ட் என்ற பழைய வீட்டில் 1940 முதல் ஓவியப் பள்ளி நடத்தினார், கூடவே தோட்டமும் போட்டார். வயலோரங்களில் நிறம் மாறிய பாப்பியைக் கண்டால் விதை எடுத்து வந்து, சிவப்பாக வருவதையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி, சாம்பல், புகை நிறம், மங்கிய ஊதா என்று ஒரு கூட்டத்தை உருவாக்கினார். 'மதர் ஆஃப் பேர்ல்' என்ற பெயரில் அந்த வகை இன்றும் விதைக்கடைகளில் கிடைக்கிறது. ஒருவர் பளிச்சென்ற வெள்ளை தேடினார், இன்னொருவர் மழை மேகம் தேடினார். வேலை ஒன்றுதான்.

விதைக்கிற முறை

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: இதுவரை சொன்ன கதையிலேயே முறையும் இருக்கிறது. மண்ணைக் கிளறிவிட வேண்டும், ஏனென்றால் இது உழவின் பின்னால் வந்த செடி. விதையை மூடக் கூடாது, வெளிச்சம் வேண்டும். மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் லேசாக அழுத்தினால் போதும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதும் சரிப்படாது. ஆணிவேர் அசைந்தால் செடி வாடிவிடும். முளைத்ததும் நெருக்கத்தைக் கலைத்து, செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் பிடுங்கத்தான் வேண்டும். காய் பழுப்பாகி, ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வரும்போது விதை தயார்.

இங்கிலாந்தில் இதைச் செப்டம்பரிலோ மார்ச், ஏப்ரலிலோ தூவுகிறார்கள். டெல்லிப் பக்கம் அக்டோபரில் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும். வெயில் ஏறினால் செடி முடிந்தது. நம் சமவெளிச் சூட்டுக்கு இது தோதுப்படாது. ஊட்டி, கொடைக்கானல் நண்பர்கள் முயற்சி செய்யலாம். பொட்டலத்தில் ஷெர்லி பாப்பி அல்லது வயல் பாப்பி என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஏன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பிடுங்காவிட்டால்?

கடைசியாக ஒன்று. வில்க்ஸ் உருவாக்கிய பூவைப் பிடுங்காமல், பொறுக்காமல் அப்படியே விட்டால் என்ன ஆகும்? பக்கத்தில் காட்டுச் சிவப்பு இருந்தால் தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவரும். சில வருடங்களில் சிவப்பும் கறுப்பும் திரும்ப வந்துவிடும். இன்று ஷெர்லி என்ற பெயரில் விற்கும் பொட்டலங்களிலேயே அவர் சம்மதிக்காத அடுக்குப் பூக்கள் சேர்ந்துதான் வருகின்றன. அவர் நினைவாக விஸ்லி தோட்டத்தில் வைத்த இரும்புக் கதவுகளில் பாப்பிப் பூ வடித்திருக்கிறார்கள். அந்த இரும்புப் பூ மாறாது. மண்ணில் இருக்கும் பூவை யாராவது ஒருவர் ஒவ்வொரு வருடமும் குனிந்து பார்த்தால்தான் உண்டு.

இதை எழுதும்போது பாட்டியிடம் வில்க்ஸ் கதையைச் சொன்னேன். "இதுல என்னடா அதிசயம்? நாங்க விதைக்கு விடுற காய்ல துணி கட்டுவோமே, அதான்" என்றார். ஊரில் இருந்தவரை பாட்டி கொல்லையில் ஒரு கத்தரி வைத்திருந்தார். வெள்ளை வரியோடு, குண்டாக, எண்ணெய்க் குழம்புக்கென்றே பிறந்தது. நல்ல செடியாகப் பார்த்து ஒரு காயில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவார். அதை யாரும் பறிக்கக் கூடாது. அடுத்த வருட விதை அதுதான். அவருக்கு அந்த விதை வந்தது அவருடைய மாமியாரிடமிருந்து.

தாத்தா போன பிறகு பாட்டி எங்களோடு ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். விதை ஒரு மாத்திரை டப்பாவில் பரண் மேல் இருந்தது. நாலைந்து வருடம் கழித்து ஞாபகம் வந்து அம்மா தொட்டியில் போட்டுப் பார்த்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை. கத்தரி விதை பாப்பி விதை மாதிரி காத்திருக்காது போல.

"யாருக்காவது கொடுத்திருக்கியா பாட்டி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பக்கத்துத் தெருவுல ரெண்டு மூணு பேருக்குக் குடுத்தேன். வெச்சிருக்காங்களோ என்னமோ."

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறேன். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்கப் போகிறேன். கிடைத்தால் உங்களுக்கும் ஒரு பொட்டலம் உண்டு.